அறுபத்து நான்கு நிபந்தனைகள்

நாற்பத்தேழாவது நிபந்தனையையும் எதிரே இருந்த மீசைக்காரர் மறுக்கவில்லை. அங்கேதான் தலைமை எழுத்தருக்குச் சந்தேகம் தட்டியது.

முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர் அவர். தம் வீட்டைக் கட்டுவதற்கான ஒப்பந்தத்தை வேறொருவர் எழுதுவது என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அறுபத்து நான்கு நிபந்தனைகளைத் தாமே எழுதி, தாமே தட்டச்சு செய்து, ஓரத்தில் சிவப்பு நூல் கோத்து வைத்திருந்தார். இதற்கு முன் அதைப் படித்த காண்ட்ராக்டர்கள் மூன்று பேர். ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார், வரவில்லை. மற்ற இருவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

குடியிருக்கும் வாடகை வீட்டையோ ஆறு மாதத்தில் காலி செய்தாக வேண்டும். இந்த நான்காவது காண்ட்ராக்டரும் ஓடிவிட்டால் பீரோவும் கட்டிலும் தெருவில்தான். போனில் பேசி, சதுர அடிக்கு இவ்வளவு என்று முடித்து, காலை பத்து மணிக்குக் காண்ட்ராக்டரின் ஆபீஸில் சந்திக்க ஏற்பாடு செய்தது மனைவி. "இன்னைக்குக் கையெழுத்து ஆகாம வந்தீங்க, கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஆபீஸில் சுவர் ஓரமெல்லாம் சுருட்டி வைத்த வரைபடங்கள். மேஜைமேல் தரை ஓட்டு மாதிரிகள், ஒரு மஞ்சள் தலைக்கவசம். இருந்த ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே மீசைக்காரர்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று எழுந்து நின்றார்.

நேரம் தவறாத காண்ட்ராக்டர்! தலைமை எழுத்தருக்கு அப்போதே பாதி மனசு குளிர்ந்தது. வெட்டிப் பேச்சில் காலத்தை ஓட்டாமல் கோப்பைப் பிரித்து, முதல் நிபந்தனையிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். இப்போது நாற்பத்தேழு.

"ஊறவைக்காத செங்கல்லால் கட்டிய சுவரை இரண்டாம் தரப்பினர் தம் சொந்தச் செலவில் இடித்துத் திரும்பக் கட்ட வேண்டும்."

"கட்டாயம் இடிக்கணும்" என்றார் மீசைக்காரர். "இடிச்ச குப்பையை யாரு அள்ளுறது? அது இதுல இல்லையே?"

இல்லைதான். தலைமை எழுத்தர் பேனாவைத் திறந்து, குப்பையையும் சேர்த்தார்.

"ஐந்து மாதத்தில் வேலையை முடிக்க வேண்டும். மழை பெய்தால் பத்து நாள் கூடுதல்."

அந்தப் பத்து நாள், விட்டுப் பிடிப்பதற்காக அவர் வைத்திருந்த தூண்டில்.

"மழையா? அதெல்லாம் சாக்குங்க. அந்த வரியை அடிங்க முதல்ல!"

தலைமை எழுத்தர் அடித்தார். ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"ஆளு எப்படிங்க?"

"தங்கம்டி. நான் ஒண்ணு சொன்னா அவரு ரெண்டு சேக்குறாரு."

"எந்தக் காண்ட்ராக்டருங்க தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்குவான்? என்னமோ உள்குத்து இருக்கு. இன்னும் இறுக்குங்க."

உள்ளே போய் இறுக்கினார்.

"கூரை ஒழுகினால் இரண்டு வருடம் பொறுப்பு என்றிருக்கிறது. அதைப் பத்து வருஷமாக்கலாம்னு..."

"பத்து என்னங்க பத்து? இருபதாப் போடுங்க! ஒரு சொட்டு விழுந்தாலும் வந்து நிக்கணும்."

"வேலை நடக்கும்போது இரண்டாம் தரப்பினர் தினமும் காலை ஏழு மணிக்கு நேரில் வந்து நிற்க வேண்டும்."

"சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். ஆளை அனுப்பிட்டு வீட்ல கால் நீட்டிப் படுத்துக்கிற கதையெல்லாம் ஆகாது. அதையும் எழுதுங்க."

எழுத எழுதச் சந்தேகம் கரைந்து, அந்த இடத்தில் பெருமிதம் வந்து உட்கார்ந்தது. இது உள்குத்து இல்லை. எழுத்தின் ஒழுங்கு! நல்ல வாசகத்தைக் கண்டால் நல்ல தொழிலாளி தலை வணங்குவான். ஓடிப்போன மூன்று பேரின் யோக்கியதை அவ்வளவுதான். தலைமை எழுத்தர் நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

கடைசி நிபந்தனையைப் படிக்கும்போது எழுந்தே நின்றுவிட்டார். "கையெழுத்தான பின், எந்தக் காரணம் கொண்டும், எந்தத் தரப்பினரும் இதை ரத்து செய்ய முடியாது."

"சபாஷ்!" மீசைக்காரர் மேஜையைத் தட்டினார். "உங்களை மாதிரி ஓர் ஆளை இந்தத் தொழில்ல நான் பாத்ததே இல்லைங்க."

தலைமை எழுத்தருக்குக் கண் கலங்கியது. அலுவலகத்தில் விடைபெற்ற அன்றுகூட யாரும் இப்படிச் சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது பெயர் எழுதும் கட்டங்கள் மட்டும். ஒப்பந்தம் முழுக்க 'முதல் தரப்பினர்', 'இரண்டாம் தரப்பினர்' என்றுதான் எழுதியிருந்தார். 'நான்', 'நீ' என்று எழுதுவதெல்லாம் அவருக்குப் பல் விளக்காமல் சாப்பிட உட்காருவது மாதிரி.

முதல் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். மீசைக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"முதல்ல என் பேரு இருக்கட்டுமே? எங்கேயும் ரெண்டாவதா நின்னு எனக்குப் பழக்கமில்ல."

இத்தனைக்கும் இணங்கிய மனிதருக்கு இவ்வளவு சின்ன ஆசை! தலைமை எழுத்தர் புன்னகைத்தார். முப்பத்தொரு வருடம், அதிகாரிகளை மேலே கையெழுத்துப் போடவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டே அலுவலகத்தை நடத்தியவர் அவர்.

"தாராளமா" என்று பேனாவை நீட்டினார்.

மீசைக்காரர் மேலே போட்டார். தலைமை எழுத்தர் கீழே போட்டார், வால் சுழித்து, இரண்டு புள்ளி வைத்து.

ஆபீஸைப் பெருக்கித் தேநீர் போடும் அம்மாள் இரண்டு தம்ளர்களோடு உள்ளே வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. இதுல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைமை எழுத்தர்.

"படிச்சுப் பாக்காம போட மாட்டேன் சார்."

"பார்த்தீங்களா!" தலைமை எழுத்தர் பூரித்துப் போனார். "இப்படித்தான் இருக்கணும். நிதானமாப் படிங்கம்மா, ஓர் ஓட்டை கண்டுபிடிங்க பாப்போம்!"

அம்மாள் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டி, கடைசிப் பக்கம் வரை படித்தாள். தேநீரில் ஆடை படிந்தது. பெயர்களைப் பார்த்தாள். மின்விசிறியின் கீழ் இருந்தவரைப் பார்த்தாள். பிறகு தலைமை எழுத்தரைப் பார்த்தாள்.

"ஓட்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சார், காண்ட்ராக்டர் வர இன்னும் அரை மணி ஆகும்னு சொல்லத்தான் வந்தேன், ஆனா வீடு கட்டித் தரச் சொல்லிக் காலையிலேருந்து அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கிற இந்த ஐயாவுக்கு நீங்களே அஞ்சு மாசத்துல கட்டித் தர்றதா எழுதிக் குடுத்திருக்கீங்களே, கொத்து வேலை தெரியுமா சார்?"