பிற்பாதியைப் பற்றி மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். என் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"நான் எடுத்த படத்தைப் பாத்துட்டு நீங்க சொல்லுங்க மாமா, நல்லாருக்குன்னா திங்கட்கிழமை குடிநீர் ஆபீஸ்ல ராஜினாமாவைக் கொடுத்துடுறேன்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஒருவர் வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே குறிப்பேடும் பென்சிலுமாக, அத்தையையும் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன்.

முற்பாதியில் காற்றை ரேஷனில் கொடுக்கும் நகரம், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஜனங்கள், பெரிய திரையில் அதட்டும் தலைவர், சுவரேறும் கதாநாயகன், சிவப்புக் கண் இயந்திரப் போலீஸ். மன்னித்துக்கொள், எல்லாம் எங்கோ பார்த்த மாதிரியே இருந்தது. "சும்மா இருங்க, நம்ம புள்ள எடுத்தது" என்றாள் அத்தை. இடைவேளையில் கழிவறைக்குப் போனவன், வழி கேட்கக் கூச்சப்பட்டு நானாகவே திரும்பி வந்தேன். என் இருக்கை காலியாக இருந்தது. பக்கத்தில் அத்தைக்குப் பதில் ஓர் இளைஞர். என் கேள்விகளுக்குப் பயந்து இடம் மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கதாநாயகனுக்கு முகம் மாறியிருந்தது. முற்பாதியில் முகம் மாற்றும் இயந்திரம் ஒன்றைக் காட்டியிருந்தாயே, அதை இங்கே பயன்படுத்திய நயத்தை வியந்தேன். போலீஸின் கண் பச்சையாகியிருந்தது; பழுது பார்த்திருப்பார்கள். இருந்தாலும் மனசு கேட்காமல் இளைஞரிடம், "தம்பி, முன்னாடி சுவரேறினவர் இவர்தானே?" என்றேன். "எவனாவது ஏறிக்கிட்டேதான் இருப்பான் பெருசு, பேசாம பாருங்க" என்றார். பார்த்தேன். தலைவரைக் கொல்லப் போனவன், மூச்சுத் திணறிக் கிடந்த அவருக்கே தன் காற்றுக் குடுவையைக் கழற்றிக் கொடுத்தான் பார், என் குறிப்பேடு நனைந்துவிட்டது. இதை எடுத்தவன் குடிநீர் ஆபீஸில் இருக்கக் கூடாது. என் ஆயுளில் முதல் தடவையாகக் கேள்விக்குறி போடாமல் எழுதுகிறேன்: ராஜினாமாவைக் கொடு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

என் தயக்கம் எதுவும் உன்னை அண்டாதிருக்க வாழ்த்தும்,
மாமா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் அத்தை வாசித்தாள். "குடுவையைக் கழட்டிக் கொடுத்தானா? நம்ம புள்ள படத்துல கடைசி வரைக்கும் சுட்டுக்கிட்டேல்ல இருந்தான்! நீங்க எங்க போய் உக்காந்தீங்க?" என்றாள். டிக்கெட்டில் இரண்டாம் அரங்கு என்றிருக்கிறது. குறிப்பேட்டில், இடைவேளைக்குப் பின் மூன்றாம் அரங்கு என்று நானே தெளிவாகக் குறித்திருக்கிறேன். மையில் நல்ல படி எடுத்துவிட்டதால் இதைக் கிழிக்க மனமில்லை. முற்பாதி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. உன் பிற்பாதியை நாளை பார்க்கிறேன். இம்முறை அத்தை கையைப் பிடித்துக் கூட்டி வருவாளாம். அதுவரை ராஜினாமா உன் பையிலேயே இருக்கட்டும்.