கேலக்ஸியின் இடது பக்கம்

பேரன்பும் மதிப்பும் மிகுந்த அண்ணன் ஓரின் டோலஃப்சன் அவர்கள் சமூகத்துக்கு, விஸ்கான்சினிலிருந்து தம்பி லைல் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் வீட்டுக்காரி வெர்னா சுகம், அப்பாவின் கேலக்ஸி கார் பாதி சுகம். அரிசோனாவில் உன் சுகத்துக்கும் உன் முழங்காலின் சுகத்துக்கும் பதில் போடவும். போன தடவை போடாத பதிலையும் சேர்த்துப் போடவும்.

அண்ணா, மார்ச்சில் ஆர்லீன் அண்ணி கண்ணை மூடியதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. உன் பக்கத்து வீட்டு அம்மாள் வெர்னாவிடம் சொன்னார்: "மனுஷன் ஜன்னல் திரையக்கூட விலக்கறதில்லைங்க. சூப்பு கொண்டுபோனா, 'வாசல்ல வெச்சுட்டுப் போங்க'ன்னு உள்ளேருந்து குரல் மட்டும் வருது." நீ அனுப்பிய ஒரே அஞ்சலட்டையில் ஒரே வரி. "அங்க வந்து நான் என்ன பண்ண?" இந்தக் கடிதம் அதற்குப் பதில். இங்கே வேலை இருக்கிறது. ஒரு ஆளால் முடியாத வேலை.

ஆகஸ்ட் கடைசியில் சோளத் திருவிழாவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்துவார்கள் இல்லையா, அதற்குக் கேலக்ஸியின் பெயரைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் காரை நிமிர்ந்து பார்த்தேன். முன்பக்கக் கிரில், விளக்கு வளையங்கள், பக்கவாட்டுப் பட்டைகள் என்று அலுமினியம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கண்புரை விழுந்த மாதிரி மங்கல். பக்கத்து வீட்டு டுவேன் வேலியில் வந்து சாய்ந்தான். பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவன், அலுமினியத்துக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. "லைலு, இது அழுக்கு இல்லப்பா. தொழிற்சாலையிலயே மேல ஒரு பூச்சு ஏத்தியிருக்கான், அதுதான் மங்கிப்போச்சு. அத உரிக்காம நீ கிறிஸ்துமஸ் வரைக்கும் தேச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஓவன் கழுவற நுரை இருக்குல்ல, அத அடி. கொஞ்ச நேரம் விடு. கழுவிடு." கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெர்னாவின் நுரை டப்பாவை எடுத்தேன். அலுமினியத்தில் படக்கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. படித்தேன். அது சமையல் செய்கிறவர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன்.

கிரில்லையும் வளையங்களையும் கழற்றி, நுரை அடித்து, குழாயைத் திறக்கப் போகும் நேரத்தில் பாஸ்டர் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மேசை தூக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் விடைபெறுகிற அழகு உனக்குத் தெரியாதா? "சரி, அப்ப நான் கெளம்பறேன்" என்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று மழையைப் பற்றிப் பேசினார். "சரி அப்ப" என்று படியிறங்கினார். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் அக்காவின் இடுப்பெலும்பு ஆபரேஷனை முழுதாகச் சொன்னார். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, சோளம் இந்த வருடம் எப்படி என்று கேட்டார். நடுவில் கையை உதறிவிட்டு ஓட நான் என்ன மரியாதை தெரியாதவனா? அவர் வண்டி மூலை திரும்பும்வரை கையசைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினால், பூச்சோடு சேர்த்து அலுமினியத்தையும் நுரை தின்றிருந்தது. மங்கல் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். கரி வந்துவிட்டது.

இதற்கிடையில் வெர்னா ஓவனைக் கழுவ டப்பாவைத் தேடினாள். அது காலி. கழுவாத ஓவனில் அப்படியே, சீஸ் போட்டுச் சுடுகிற கேசரோல் பதார்த்தத்தை வைத்தாள். முந்தின வாரம் வழிந்த சீஸ் பற்றிக்கொண்டு வீடு முழுக்கப் புகை, அலாரம் அலறுகிறது, டுவேன் தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டான். நம் ஊர்த் தீயணைப்பு தொண்டர் படைதானே, வந்தவர்கள் யார்? முடிவெட்டுகிற கர்ட், தீவனக் கடைக்காரர், பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால். ஜன்னலைத் திறந்துவிட்டுப் புகையை அதன் பாட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மூன்று பேரும் தலைக்கவசத்தோடு என் கிரில்லைச் சுற்றி நின்றார்கள். "பல்பொடி போடுங்க" என்றார் ஒருவர். "கெச்சப்பு, கெச்சப்புதான்" என்றார் இன்னொருவர். "மைதா மாவு. பாலிஷ் போட்டப்புறம் மாவு தூவித் துடைங்க, கறை நிக்காது" என்றான் கர்ட். மூன்றையும் செய்து பார்த்தேன். மாவு மட்டும் பரவாயில்லை. உள்ளே வெர்னா கருகிய கேசரோலை வைத்துக்கொண்டு, "ஐயா, இங்க ஒருத்தி உயிரோட இருக்காளான்னு யாராவது வந்து பாத்தீங்களா?" என்று கத்தினாள்.

மறுநாள் அவள் சர்ச்சில் மெத்தை விரிப்புத் தைக்கப் போயிருந்தபோது எனக்கு ஒரு யோசனை. கரியைப் போக்க வேண்டும், வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் சும்மா நிற்கிறது. வளையங்களை அடுக்கி, சோப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு ஓட்டினேன். ஓரின், எந்தக் காலத்திலும் அலுமினியத்தை அந்த மெஷினுக்குள் விடாதே. கரி நிறமாக உள்ளே போனது நிலக்கரி நிறமாக வெளியே வந்தது. அன்றைக்கென்று பார்த்துத் தையல்காரப் பெண்களை வெர்னா காப்பிக்கு அழைத்துவந்துவிட்டாள். "ஏங்க, கப்புல என்னமோ சாம்பலா ஒட்டியிருக்கே, எதக் கழுவினீங்க?" "கப்பத்தான் கழுவினேன்." கீழ்த்தட்டை இழுத்தாள். ஒரு வளையம் அங்கேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. எல்லோரும் போன பிறகு சொன்னாள்: "இந்த வயசுல உங்கள மாத்த முடியாது. மெஷின மாத்திடறேன்." புது மெஷின் வரும்வரை பாத்திரமெல்லாம் என் கையில்தான்.

பிறகுதான் முறையான வழிக்கு வந்தேன். தண்ணீர் தொட்டு உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது, பிறகு இன்னும் நைசானது. கடைசியில் மோட்டாரில் துணிச்சக்கரம். சக்கரத்துக்கு விளிம்பைக் காட்டாதே என்று டுவேன் சொல்லித்தான் இருந்தான். காட்டிவிட்டேன். வளையம் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாக, வேலி தாண்டி, டுவேன் வீட்டுத் தோட்டத்து மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டில் குத்திட்டு நின்றது. நல்லவேளை, யாரும் பரிமாறிக்கொண்டிருக்கவில்லை. டுவேன் அதைப் பிடுங்கித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வேலி மேல் நீட்டினான். "பளபளப்பு வந்துருச்சு லைலு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

இன்னொன்று கேள். கையால் பாலிஷ் தேய்க்கும்போதெல்லாம் துணி மை மாதிரிக் கறுப்பாகும். ஐயோ, கெடுக்கிறேனே என்று பயந்து நான் நிறுத்திவிடுவேன். ஒரு வாரமாக இப்படித்தான், தொடுவதும் நிறுத்துவதுமாக. டுவேன் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், கறுப்பு வந்தாத்தான்யா வேலை நடக்குதுன்னு அர்த்தம்! பயந்து கைய எடுக்காதே. தேய், இன்னும் தேய், அது காயறதுக்குள்ள துடைச்சு எடு." தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தில் என் கட்டைவிரல் ரேகை பக்கத்துக்குப் பக்கம் விழுந்தது. திருவிருந்து அப்பத்தை என் கையில் வைக்க பாஸ்டர் தயங்கியதைச் சபை முழுக்கப் பார்த்தது.

ஆனால் அண்ணா, அன்று சாயந்திரம் கிரில்லின் வலது பக்கத்தில் கடைசிக் கறுப்பைத் துடைத்து எடுத்தபோது உள்ளே ஒரு முகம் தெரிந்தது. உன் முகம். வயதானதும் எனக்கு உன் தாடை வந்துவிட்டிருக்கிறது, எனக்கே தெரியாது. முக்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெர்னா கேட்டதற்குக் கண்ணில் பாலிஷ் பட்டுவிட்டது என்றேன்.

ஆகவே நிலைமை இதுதான். வலது பக்கத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். இடது பக்கம் இன்னும் கரி. எனக்குத் தோள் வலி, கை மேலே ஏறவில்லை, டாக்டர் கூடாது என்கிறார். அது போக, பூச்சை உரித்துவிட்டதால் இனி இது வெற்று அலுமினியம். பனி பட்டால் மங்கும், விரல் பட்டால் மங்கும், மெழுகு பூசிப் பூசிக் காப்பாற்ற வேண்டும். நாம் இரண்டு பேரும் சாகும்வரை இந்த வேலை தீராது. நீ வந்தால் இடது பக்கம் உனக்கு, வலது எனக்கு. மாடி அறையில் வெர்னா புது விரிப்புப் போட்டுவிட்டாள். திருவிழாவுக்கு வந்து குளிர்காலம் முடிய இரு. அதுவரை காரைப் பற்றிக் கவலைப்படாதே. ஷெட்டை விட்டு வெளியே எடுக்க மாட்டேன், ஒரு சொட்டு மழை பட விடமாட்டேன், நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஒரு பூச்சி அடித்து ஒட்டினாலே இந்த அலுமினியத்தில் தழும்பு விழுகிறது.

டுவேன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். பாஸ்டரும் தீயணைப்புப் படையும் அன்பு தெரிவிக்கிறார்கள். ஆண்டவர் உன் முழங்காலுக்கு வலுவையும், உன் வீட்டுக்கு வெளிச்சத்தையும், எனக்கு உன் பதிலையும் தருவாராக.

என்றும் உன் கீழ்ப்படிந்த தம்பி,
லைல்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பெரும்பகுதி இப்போது செல்லாது. தபால்தலை தீர்ந்திருந்தது. அது வரும்வரை கை சும்மா இருக்கவில்லை, இடது பக்கத்தையும் தேய்த்து முடித்துவிட்டேன். வெர்னா கடிதத்தை முழுதாகப் படித்தாள். "தோள்வலியாம், டாக்டராம்! எந்த டாக்டர்? ஏங்க, அவர் அங்க தனியா இருக்கார், உங்களுக்கு அது தாங்கல. அத ஒரு வரில எழுத வராதா? அதுக்கு இவ்வளவு அலுமினியமா வேணும்?" சரி, எழுதுகிறேன். நீ அங்கே தனியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை, அண்ணா. உனக்கு இங்கே வேலை இல்லை, அதனால் நீ வர வேண்டாம். திருவிழாவிலிருந்து பெயரைத் திரும்ப வாங்கிவிட்டேன். வெர்னா பெட்டிகளை ஏற்றிவிட்டாள், காலையில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நாங்களே கிளம்புகிறோம், கேலக்ஸியில்தான். அயோவாவில் மழையாம், கான்சாஸில் வெட்டுக்கிளியாம், நியூ மெக்சிகோவில் புழுதிக் காற்றாம். உன் வாசலில் வந்து நிற்கும்போது அந்தக் கிரில்லில் ஒரு விரல் அகலம்கூட மின்னாது. பழைய பனியன்களைக் கிழித்து வை.