முப்பத்தேழு மீட்டர் கிழக்கே

நர்ஸம்மாவின் மகள் புவியியல் தகவல் முறைமையில் முதுகலை படிக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் தெரு அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "அதைப் படிச்சா என்ன பண்ணலாம்?" என்பதுதான்.

"பூமியில எது எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்ல சொல்லலாம்" என்றாள்.

"என் கடை இங்க இருக்கு. அவங்க வீடு அங்க இருக்கு. இதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம்?" என்றார் தையல்காரர்.

அவள் படிப்பின் மகத்துவம் எங்களுக்கு விளங்கியது அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது. அவர்கள் வீட்டு வாசலில் பூமிக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்தது. தெருவில் ஆறாக ஓடிய தண்ணீர் குழாயில் மட்டும் வரவில்லை. நர்ஸம்மா ஆஸ்பத்திரி டூட்டி முடித்து வந்து, அடுத்த தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்.

நகராட்சியில் புகார் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஆட்கள் வந்து, கிழக்கே மூன்று வீடு தள்ளித் தையல்கடை வாசலில் பள்ளம் தோண்டினார்கள். குழாய் நன்றாக இருந்தது. மூடிவிட்டு, "பழுது நீக்கப்பட்டது" என்று நர்ஸம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மறுபடி புகார், மறுபடி தையல்கடை. மூன்றாம் முறை மகள் மேஸ்திரியை மறித்துக்கொண்டாள்.

"அண்ணா, தண்ணி அங்க பீச்சியடிக்குது. இங்க எதுக்குத் தோண்டுறீங்க?"

"எனக்கும் கண்ணு இருக்கும்மா. ஆனா மேப்ல உங்க வீடு இங்கதானே இருக்கு?" மேஸ்திரி செல்போனைக் காட்டினார். "அங்க தோண்டினா, சம்பந்தமில்லாத இடத்துல தோண்டினேன்னு என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."

அவள் துறையிலிருந்து அளக்கும் கருவியைக் கடன் வாங்கி வந்து, இரண்டு நாள் தெருவை அளந்தாள். நகராட்சி வரைபடம் மொத்தமும் நிஜத்திலிருந்து முப்பத்தேழு மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தது. பழைய வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய யாரோ, ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதற்குப் பதில் பக்கத்துக் கட்டத்தில் அடித்துவிட்டார்கள். டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம்.

சந்தோஷமாக வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மேப்பை வெச்சு நம்ம துறையில எத்தனை ஆய்வேடு வந்திருக்கு?"

"பதினொண்ணு சார்."

"அதுல நான் வழிகாட்டினது?"

"ஒம்பது சார்."

"அப்போ தப்பு எங்க இருக்கு?"

"மேப்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

யோசித்தாள். அவளுடைய ஆய்வேட்டில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"தரையில சார்."

"கெட்டிக்காரி" என்றார் பேராசிரியர். அன்றே அவளுடைய ஆய்வுத் தலைப்பு 'நகர்ப்புறத் தரைப்பரப்பின் ஒத்துழையாமை' என்று மாற்றப்பட்டது.

நகராட்சிப் பொறியாளர் இன்னும் பண்பானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"திருத்திடலாம்மா. எங்கெங்க தப்புன்னு மேப்ல குறிச்சுக் குடுங்க."

"மேப்பே தப்புதானே சார்?"

"தப்பான மேப்ல குறிச்சா நான் எப்படி ஏத்துக்க முடியும்?"

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்கள் வீட்டுக்கு மேற்கே மூன்றாவது வீடு என்னுடையது.

"மாமா, உங்க வீட்டு வாசல்ல குழாய் உடைஞ்சிருக்குன்னு ஒரு மனு குடுங்க."

"என் வாசல்ல உடையலையேம்மா."

"அதனாலதான் மாமா குடுக்கச் சொல்றேன்."

கொடுத்தேன். மறுநாள் ஆட்கள் வந்து, மேப்பில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அச்சுப் பிசகாமல் நர்ஸம்மா வாசலில் தோண்டினார்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸம்மா குழாயடியில் கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றார்.

விஷயம் பரவியது. தெருவிளக்கோ குப்பையோ, யாருக்கு என்ன குறையென்றாலும் தன் வீட்டுக்கு மேற்கே மூன்றாவது வீட்டுக்காரர் பெயரில் எழுத வேண்டும் என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டமாயிற்று. பத்து வருடமாக முகம் பார்க்காதவர்கள்கூடக் கையெழுத்துக்காகச் சிரித்துப் பேசினார்கள். மேற்குக் கோடியில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்குத்தான் சிக்கல். அவருக்கு மேற்கே பொதுக் கழிப்பறை மட்டுமே இருந்தது. மனசைத் தேற்றிக்கொண்டு, "இப்படிக்கு, பொதுக் கழிப்பறை" என்று எழுதினார். "மதிப்பிற்குரிய பொதுக் கழிப்பறை அவர்களுக்கு" என்று ஒரே வாரத்தில் பதில் வந்தது.

புகார்கள் தீர்ந்தன. நகராட்சிக்கு விருது கிடைத்தது. ஆய்வேட்டுக்கு முதல் வகுப்பும், அதையே விரித்து முனைவர் பட்டம் வாங்க இடமும், நகராட்சியில் வரைபட ஆலோசகர் பதவியும் நர்ஸம்மாவின் மகளுக்குக் கிடைத்தன. பேராசிரியர் எங்கள் தெருவின் வழக்கத்தைப் 'பங்கேற்பு நிலவரைவியல்' என்று வெளிநாட்டுக் கருத்தரங்கில் விளக்கிவிட்டு வந்தார்.

இந்த நல்லாட்சிக்கு ஊறு விளைவித்தவர், நகராட்சிக் கணினிப் பிரிவில் தற்காலிகமாகச் சேர்ந்த ஒரு பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். வேலையில் சேர்ந்த நாலாம் நாள், டிக் தப்பான கட்டத்தில் இருப்பதைப் பார்த்தார், எடுத்துச் சரியான கட்டத்தில் அடித்தார், சாப்பிடப் போய்விட்டார். நகரம் சத்தமில்லாமல் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டருக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி பழக்கத்தில் கழிப்பறை முகவரியைச் சொல்ல, ஆம்புலன்ஸ் வெகு துல்லியமாகக் கழிப்பறை வாசலில் போய் நின்றது. உள்ளே இருந்த ஒருவரை, வேண்டாம் வேண்டாம் என்று கதறக் கதற ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனது. ஹெட்மாஸ்டரைத் தையல்காரர்தான் ஆட்டோவில் போட்டுக் காப்பாற்றினார்.

ஊர் கொதித்தது. விசாரணை அதிகாரியாக நர்ஸம்மாவின் மகள் நியமிக்கப்பட்டாள்.

"மேடம், மேப் இப்போ சரியா இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"சரியாத்தான் இருக்கு."

"அப்போ நான் என்ன தப்புப் பண்ணேன்?"

நர்ஸம்மாவின் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். முனைவர் பட்ட ஆய்வில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. தலையைக் குனிந்துகொண்டு, 'முன்னனுமதி பெறாத துல்லியம்' என்று எழுதினாள்.

அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. வரைபடத்தை மறுபடி முப்பத்தேழு மீட்டர் நகர்த்தக் கோரி எங்கள் தெரு மனு கொடுத்தது. நர்ஸம்மா மட்டும், "எனக்குக் கை வலிக்குது" என்று கையெழுத்துப் போடவில்லை. மற்ற எல்லோரும் போட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஹெட்மாஸ்டரும் போட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் என் வாசலுக்கு வந்தார். கையில் மேல்முறையீட்டு மனு.

"சார், நான் திருத்தினது சரின்னு சொல்ல ஒரே ஒரு சாட்சி வேணும். உங்க வீடு இங்கதான் இருக்குன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பதினாறு வீடு ஏறி இறங்கிட்டேன். யாரும் போட மாட்டேங்கறாங்க."

நான் என் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தேன். என் சட்டை என் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே என் மனைவி என் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மேப்ல பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.