டீக்கடைப் பக்கத்துத் தாழைக்கோழி

"தொண்ணூத்தாறு சதவீதம்" என்று மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டு, டீக்கடை பெஞ்சில் இருந்த லேப்டாப்பைப் பக்தவச்சலம் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

வாசகரே, இவர் சரிபார்ப்பவர். தாம்பரம் முதல் வண்டலூர் வரை பரவலாகக் காணப்படும் இனம். தன் விடையைத் தன் விடையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக வியப்பவர்.

ராஜகீழ்ப்பாக்கம் அருகே ஓர் ஏரியில் நீலத் தாழைக்கோழிகள் எங்கே வாழ்கின்றன என்று கணிக்க அவர் ஒரு புள்ளியியல் மாடல் செய்திருந்தார். அதற்கு ஊட்டியது, நான்கு வருடமாக ஞாயிறுதோறும் பறவை பார்க்க வந்தவர்களின் குறிப்புகள். அவர்களோ தென்கரையில் இந்த டீக்கடை வாசலில் நின்று, கையில் கிளாஸோடு, கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியவர்கள். ஆகவே தாழைக்கோழி டீக்கடையை விட்டு நூறு மீட்டர் தாண்டாது என்று மாடல் கண்டுபிடித்தது. சோதிக்க வேண்டாமா? சோதித்தார். அதே ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் மிச்சக் குறிப்புகளை வைத்து. தொண்ணூற்றாறு சதவீதம் பொருந்தியது.

மறுநாள் ஏரிக் குழு கூடுகிறது. மாடல் கணக்கில் பறவை இல்லாத கரையில் கோரையை வெட்டி நடைபாதை போடப்போகிறார்கள்.

"சார், வடகரையில பதினோரு கூடு எண்ணிட்டேன். முட்டை இருக்கு" என்றாள் களப்பணியாளர் பிளஸ்ஸி.

"எத்தனை நாள் போனேம்மா?"

"மூணு நாள்."

"என்கிட்ட நாலு வருஷ டேட்டா இருக்கு."

"நாலு வருஷமா அந்தப் பக்கம் யாருமே போகலையே சார். வண்டியில அஞ்சு நிமிஷம். ஒரு தடவை வந்து பாத்துடுங்க."

"நான் பாத்தா அது என் சொந்த அபிப்பிராயம் ஆயிடும்."

கடைக்காரர் பொன்னுரங்கம் டீயை ஆற்றியபடி, "அதுங்க இன்னா சார், டீ குடிக்கவா இங்க வருது? பொழுது சாஞ்சா அந்தாண்ட கோரைக்குதான் போவுது" என்றார்.

அப்போது பார்த்து ஒரு தாழைக்கோழி கடைக்கு எதிரே கரையேறியது. பக்தவச்சலம் அதையும் பதிந்தார்.

"தொண்ணூத்தேழு."

சிரிக்காதீர்கள். புதுச் சட்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்க, நன்றாக இருக்கிறது என்று சொல்பவரையே தேடிப் போனவர் நீங்கள்தானே?

மறுநாள் காலை குழு கூடி மாடலை ஏற்றுக்கொண்டது. மதியம் வடகரையில் பொக்லைன் இறங்கியது. மாலைக்குள் கோரை முழுவதும் போயிற்று. தாழைக்கோழிகள் ஏரியைக் கடந்து டீக்கடைப் பக்கம் வந்து நின்றன. பக்தவச்சலம் எண்ணினார். இருபத்திரண்டு. தொண்ணூற்றொன்பது சதவீதம்.