கூரைக்குள் போன காலும் தானாக எரியும் சுவிட்சும்

அன்பும் அறிவும் நிறைந்த அக்கா மகளுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அத்தை நலம், அவளுடைய இருமலும் நலம். உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிகள் நலமா? போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

போன வாரம் நீ சொன்னதை யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது, மூச்சோடு போய் நுரையீரலில் குத்திக்கொண்டு கரையாமல் கிடக்கிறது, உடம்பு அதோடு மல்லுக்கட்டியே புண்ணாகிறது என்றாய். அதுவரை புரிந்தது. அப்புறம் ஜீன் என்றாய். அணைந்திருக்க வேண்டிய ஜீன் எரிகிறது, 'போதும், வளராதே' என்று தடுக்க வேண்டியது அணைந்துபோகிறது, சில இடத்தில் ஜீனே அறுந்துபோகிறது, பல வருஷம் கழித்து அது புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது என்றாய். ஆயுள் முழுக்க வயரிங் வேலை பார்த்தவனிடமா இதைச் சொல்வது? தானாக எரியும் சுவிட்சை நான் பார்த்ததே இல்லை. ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன், நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"உடையாத ஷீட்டைத் தொடாதீங்க மாமா" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நான் எங்கே தொட்டேன்? வீட்டுப் பின்பக்கக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பெயிண்ட் அடித்து மூடிவிடலாம் என்று ஏறினேன், அவ்வளவுதான். ஷீட் உடைந்து வலது கால் கொட்டகைக்குள்ளே, மீதி நான் வெளியே. மாடியில் குடியிருக்கும் தையல்காரர் சன்னல் வழியாக என் கையைப் பிடித்து மேலே இழுக்க, அத்தை உள்ளே நின்று காலைப் பிடித்துக் கீழே இழுக்க, "தூசி பறக்குது, தண்ணி ஊத்துங்க!" என்று கத்தினேன். நனைத்தால் பறக்காது என்று நீதானே சொன்னாய்? தையல்காரர் ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார்.

"மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய போ!" என்று அத்தையை விரட்டினேன். "எதுக்கு?" என்றாள். தொங்கிக்கொண்டே நார், ஜீன், சுவிட்ச் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலை விடாமல் கேட்டுவிட்டு, "வயர் இழுக்கிறேன்னு ஊர்ல இருக்கிற ஷெட்டு ஷீட்டையெல்லாம் ஓட்டை போட்டுட்டு உடம்பெல்லாம் வெள்ளையா வந்து நிப்பீங்களே, அந்தச் சட்டையை உதறித் துவைச்சது யாருங்க? எனக்கு எந்த சுவிட்சு எரியுது?" என்றாள். ஓட்டை போட்டது நான், இருமுவது அவளா? இது என்ன நியாயம், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஆனால் நீ கவலைப்படாதே. அது தலையணைப் பஞ்சால் வரும் இருமல். தலையணையை மாற்றிவிட்டேன். ஒருவழியாகக் காலை உருவிக்கொண்டு இறங்கியதும் கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஷீட் எடுக்கத் தெரிந்த ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்ரே எல்லாம் தேவையே இல்லை. லீவு போட்டு வராதே. நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இரு. எலிகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அடுத்த அறையில் அத்தை இருமினாள். புதுத் தலையணைதான். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. மேலே எழுதிய எதையும் நம்பாதே. எக்ஸ்ரே எங்கே எடுப்பது என்று விசாரித்துக்கொண்டு உடனே கிளம்பி வா. நான் கூப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லாதே. எலிகளுக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்.