அரிசி டிரம்மில் கிடக்கும் பதிவுத் தபால்

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை பென்சனுக்கு, அத்தான் மைக்கேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மருமகள் ரெனிட்டாவும் நலம். நலம் என்று எழுதுவது முப்பத்துநான்கு வருடம் தபால்காரனாக இருந்த பழக்கம், அதை அப்படியே நம்பிவிடாதே. பட்டாளத்தில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அவளுக்குக் கேட்கும்.

விஷயம் இதுதான். நீ பார்த்துச் சொல்லி ரெனிட்டா விண்ணப்பித்தாளே, காய்ச்சல் பரவுவதைக் கண்டுபிடிக்கும் இரண்டு வருடப் பயிற்சி, அதற்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதிவுத் தபால் வந்து பதினோரு நாளாகிறது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் லேப் வேலைக்குப் போயிருந்தாள். இப்போதைய தபால்காரர் ஆவுடையப்பன், "அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாத சட்டமா, நீங்களே கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினார். சட்டம் தெரிந்த நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் படித்து, அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். அடுத்தவர் தபால் அட்டையைக்கூடத் திருப்பிப் பார்க்காத மனுஷன் நான். பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. உன் அக்கா கேத்ரின் போய்ச்சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் அவள் என்ன ஆகிவிட்டாள் என்று உனக்குத் தெரியாது. லீவு நாளில் செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் ஒரு குழுவோடு போய்ப் பொறி வைத்து எலி பிடிக்கிறாள். சின்னச் சீப்பால் அதன் காதைச் சீவி, உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் சின்னப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறாள். எலிக்குக் காது சீவுகிறவளுக்குத் தன் தலையைச் சீவ நேரமில்லை. இது தெரிந்து எதிர்வீட்டுச் செல்லத்தாய், "ஒங்க பிள்ள எலி எடுக்குதாம்லா, இந்தாங்க" என்று பொறியோடு கொண்டுவந்து நம் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் தெருவே கொண்டுவந்தது. அதில் ஒன்று தப்பி வீட்டுக்குள் புகுந்து, எங்கள் கல்யாண போட்டோவில் என் பாதியை மட்டும் தின்றுவிட்டது. கேத்ரின் அப்படியே இருக்கிறாள், சிரித்துக்கொண்டு.

போன மாதம் சேத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் அம்மா, நாலு நாளாகக் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன் என்றார். அவ்வளவுதான். காபித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, காது மடலிலிருந்து கழுத்து வரை தேடியிருக்கிறாள். பின்கழுத்தில் கருப்பாக ஒரு பொருக்கு, அந்தப் பூச்சி கடித்த அடையாளம். அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த மாப்பிள்ளைப் பையனும் நானும் ஆறிய காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சம்பந்தம் போயிற்று. "நாங்க பொண்ணு பாக்கப் போனோம், பொண்ணு எங்கள பாத்துருச்சு" என்று ஊரெல்லாம் சொல்கிறார்களாம். ஆனால் அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சாதாரண மாத்திரை, மாப்பிள்ளை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாராம். அதைக் கேட்டுவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஏன் அழுதேன் என்று உன்னிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் உன் கூடப் பிறந்தவள். கேத்ரினுக்குக் காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள், நான்தான் வெந்நீரில் துணியை நனைத்து உடம்பு துடைத்துவிட்டேன். இடுப்புக்குப் பின்னால் பயறு அளவில் கருப்பாக ஒன்று இருந்தது. என்னடி இது என்றேன். "வலிக்கல, தோசச்சட்டி பட்டிருக்கும்" என்றாள். நானும் தைலத்தைத் தடவிவிட்டு லைட்டை அணைத்தேன். அதற்குப் பிறகு நாலு நாளில் எத்தனை ஆஸ்பத்திரி போனோம், ஒருவரிடமும் அதை நான் சொல்லவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இதை யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ரெனிட்டா பக்கத்தில் நின்றாள். அதைத்தான் விண்ணப்பக் கட்டுரையில், 'அம்மாவின் உடம்பில் இருந்த அடையாளத்தை யாரும் பார்க்கவில்லை' என்று எழுதினாள். நீ அதைத் திருத்திக் கொடுத்து, எனக்குப் போனில் படித்துக் காட்டி அழுதாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்குப் போனால் முதல் வேலை என்ன தெரியுமா? தபாலில் போட்டிருக்கிறது. சொந்த ஊரில் ஒரு காய்ச்சல் சாவை எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து என்ன நடந்தது என்று வீட்டாரை உட்காரவைத்து விசாரித்து எழுத வேண்டுமாம். அவள் எந்தச் சாவை எடுப்பாள்? நோட்டைத் திறந்துகொண்டு என் எதிரே வந்து உட்காருவாள். அந்தப் பிள்ளையிடம் இன்னொரு தரம் பொய் சொல்ல என்னால் ஆகாது, உண்மையைச் சொல்லவும் பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், எப்படியாவது தடுத்துவிடு.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பையும் ஆசீர்வாதத்தையும் சொல். மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ஆண்டவர் உங்களைக் கைவிடாமல் இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
மைக்கேல்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நீ செய்ய வேண்டாம். எழுதிய கடிதத்தைக் கிழிக்க என் கைக்கு வராது, அதனால் அனுப்புகிறேன். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ரெனிட்டா வந்து, "அரிசி டிரம்முல இருக்குற தபால எப்பப்பா தருவிய? ஈமெயில்ல அன்னைக்கே வந்துருச்சு" என்றாள். பதினோரு நாளாக நான் தருவேன் என்று பார்த்துக்கொண்டே சோறு பொங்கியிருக்கிறாள். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, அந்தக் கருப்பு அடையாளத்தை நான் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். கவரில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள். பொறவு, "அந்தத் தைலத்த கடையில வாங்கிட்டு வந்தது யாருப்பா? நாந்தான. காய்ச்சல் கண்ட மூணாம் நாளே அம்மாவுக்குச் சேல மாத்தும்போது நானும் பாத்தேன்" என்றாள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரயில் ஏறுகிறாள். ஒரே ஒரு உதவி, மாப்பிள்ளை. அந்தக் கட்டுரையில் 'யாரும் பார்க்கவில்லை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் திருத்த வழி உண்டா என்று பயிற்சி நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுது. வீட்டில் இரண்டு பேர் பார்த்தோம்.