அம்மா முடிஞ்ச ஒத்த ரூவா கடலுக்குள்ள போயிருச்சு

காசு சன்னல் கம்பிக்கு வெளிய போயிருச்சு. ரயிலு பாம்பன் பாலத்து மேல. கீழ கடல். போனது எங்கம்மா முடிஞ்சு வச்ச நேத்திக்கடன் காசு!

வீசுனது நான் இல்ல, எதிர் சீட்டு அக்கா. ஆனா தப்பு பூரா என்னுதுதான்.

காலைல அம்மா சாமி படத்துக்குப் பின்னாடி இருந்து மஞ்சத்துணில முடிஞ்ச ஒரு காசை எடுத்துக் கையில குடுத்து, ராமேஸ்வரம் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வரச் சொல்லுச்சு. என்ன வேண்டுதல்னு கேட்டேன். அதெல்லாம் உனக்கெதுக்கு, நடந்திருச்சு, செலுத்திட்டு வான்னுச்சு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு.

"முடிச்ச மட்டும் அவுத்துறாத."

அம்புட்டுதான் வேலை. ஒண்ணாப்பு படிக்கிற புள்ள கூட செஞ்சிரும்.

ஆனா நான் ஒத்த ரூவாக் கிறுக்கன். மத்தவங்க சில்லறைய வாங்கிப் பையில போடுவாங்க, நான் திருப்பித் திருப்பி வருசம் பாப்பேன்.

ராம்நாட்டுல ரயில் ஏறுனதும் துணியோட தடவிப் பாத்தேன். பெருசா இருக்கு. கனமா வேற இருக்கு. இந்தக் காலத்துக் காசு இல்லையே!

அவுத்துட்டேன்.

ஆத்தாடி, பழைய பெரிய ஒத்த ரூவா! ஒண்ணுங்கிற எண்ணுக்கு ரெண்டு பக்கமும் கதிரு. செம்பும் நிக்கலும் கலந்தது. ஊரு பூரா நான் தேடுன காசு எங்க வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடியே கெடந்திருக்கு.

அப்பவே திருப்பி முடிஞ்சிருக்கலாம். எதிர்ல இருந்த சாயல்குடி அக்கா, "என்ன தம்பி, காசைப் பாத்து சிரிக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டாங்க.

என்கிட்ட போயி கேக்கலாமா? பர்ஸைக் கொட்டி, உள்ளங்கையில வரிசையா அடுக்கிட்டேன். இதுதான்க்கா பெருசு. அப்புறம் எவர்சில்வருக்கு மாத்தி சிறுசாக்கிட்டாங்க. இது சிலுவை மாதிரி கோடு போட்டது. இது கட்டை விரல் தூக்குன கை. இது ரூவா குறி வந்த பிறகு. காந்தம் வச்சா சிறுசெல்லாம் ஒட்டும், பெருசு ஒட்டாது.

அக்கா கொட்டாவி விட்டாங்க. நான் நிறுத்தல.

இருங்க, இதை எழுதுறது நான் வேலை பாக்குற கடைல, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்திருக்கு.

ம், போயிட்டாரு. எங்க விட்டேன்? ஆங், ரயில்ல. பாலம் வந்திருச்சு. பெட்டில உள்ள பாதிப் பேரு எந்திரிச்சு கும்பிட்டு கடல்ல காசு போடுறாங்க. அக்காட்ட சில்லறை இல்லையாம். ஒண்ணு குடுங்க தம்பின்னு என் கையில இருந்து எடுத்தாங்க.

எதை எடுத்தாங்க? பெருசைத்தான்!

"சாமிக்குப் போடுறத பெருசா போடுவோம்"னு கண்ணை மூடி வீசிட்டாங்க.

அய்யோ அக்கா, அது எங்கம்மா நேத்திக்கடன்னு சொன்னேன். அக்கா அசரல. "கடலும் ராமநாதசாமிதான் தம்பி, போயிச் சேந்துரும்."

கரையில கயித்துல காந்தம் கட்டி காசு தேடுறவங்களைக் கேக்கலாமான்னு நெனச்சேன். அந்தக் காசு காந்தத்துல ஒட்டாதுன்னு இப்பத்தானே நானே பாடம் எடுத்தேன்!

சரி, கட்டை விரல் காசைத் துணில முடிஞ்சுக்கிட்டு உண்டியல் வரைக்கும் போயிட்டேன். கை வரல. சாமிகிட்டயே கட்டை விரலைத் தூக்கி, எல்லாம் ஓகேன்னு பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு.

வெளிய வந்து அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன்.

"ஏலே, உனக்கு இந்தக் காசுக் கிறுக்கு தெளியணும்னுதான்ல நேந்துக்கிட்டேன். ஜெராக்ஸ் கடைக்குப் போனதுல இருந்து காசு டப்பாவைத் தொடலையே, தெளிஞ்சிருச்சுன்னு நம்பி அனுப்புனேன்."

போனை வச்சிருச்சு.

வீட்டுக்கு வந்தா சாமி படத்து ஆணில புதுசா ஒரு மஞ்சத்துணி தொங்குது. சத்தியமா அவுக்கல. எந்தக் காசுன்னு சும்மா அமுக்கித்தான் பாத்தேன்.

மொறமொறன்னுச்சு. இந்தத் தடவை பத்து ரூவா நோட்டு.

உங்க வீட்டுலயும் ஆள் தெரிஞ்சு நோட்டாத்தான் முடியிறாங்களா, இல்ல எனக்கு மட்டுந்தான் இந்த மரியாதையா?